300 மில்லிவிநாடிக்கு அப்பால் ஒரு பாணன்

விடியற்காலையில் எழுந்து சாதகம் பண்ணு என்று பத்து வயதில் அம்மா முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பும்போதெல்லாம் போர்வையை இழுத்து மூடிக்கொண்டவன் நான். அதே ஆள் முப்பதை நெருங்கும் வயதில், யாரும் எழுப்பாமல், வாரத்தில் ஒரு நாள் ஐந்து மணிக்கு எழுந்து உட்கார்ந்தேன். ஐந்தரைக்குக் கச்சேரி. இடம், ப்ரீ என்ற ஊரின் சந்தைத் திடல், காட்டுப்பன்றிச் சிலை வைத்த நீரூற்றுக்குப் பக்கத்தில். அந்த ஊரைத் தேடி பஸ் ஏற முடியாது. ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ் ஆன்லைன்’ என்ற விளையாட்டுக்குள் இருக்கிறது.

டோல்கீனின் கதையுலகை வைத்து டர்பைன் நிறுவனம் 2007 ஏப்ரலில் வெளியிட்ட விளையாட்டு அது. 2016 கடைசியில் ஸ்டாண்டிங் ஸ்டோன் கேம்ஸ் கைக்கு மாறியது. முதலில் மாதச் சந்தா. என்னிடம் அப்போது கிரெடிட் கார்டு கிடையாது. 2010 செப்டம்பரில் இலவசமாகத் திறந்துவிட்டார்கள், உள்ளே போனேன். வாள்காரன், வில்காரன், கேடயக்காரன் என்று வரிசையாக நிற்க, நான் தொட்டது மின்ஸ்ட்ரல். நம் சொல்லில் பாணன். பிளஸ் டூ வரை ஸ்ரீரங்கத்தில் வயலின் கற்றுக்கொண்டு, பொறியியல் கல்லூரிக்குப் போன கையோடு பெட்டியைப் பரணில் ஏற்றியவன் வேறு எதைத் தொடுவான்?

மனிதன் என்று தேர்ந்தெடுத்தால் சொந்த ஊர் எது என்று கேட்கும். ப்ரீ, டேல், ரோஹன், கொண்டோர். இருந்ததில் தெற்கே இருந்தது கொண்டோர்தான். அதையே போட்டேன்.

மற்ற விளையாட்டுகளில் அடிபட்டால் உயிர்ப்பட்டை குறையும். இங்கே குறைவது மொரேல், அதாவது மனத்திடம். அது தீர்ந்தால் ஆள் சாவதில்லை, நொந்து பின்வாங்குகிறார். டோல்கீன் உலகில் மந்திரம் போட்டு ரணம் ஆற்றும் வைத்தியர்களை ஊருக்கு ஊர் உட்காரவைக்க முடியாது. ஆனால் பாட்டால் மனத்தைத் தூக்கி நிறுத்தலாம் அல்லவா? அதனால்தான் இந்த விளையாட்டின் முதன்மையான ஹீலர், அதாவது கூட்டாளிகளைத் தேற்றி நிறுத்துகிறவர், ஒரு பாட்டுக்காரன். இதை முதலில் புரிந்துகொண்டபோது எனக்குப் புறநானூற்றின் 281ஆம் பாட்டு ஞாபகம் வந்தது. புண்பட்டுக் கிடக்கும் வீரனின் வீட்டில் வேப்பிலை செருகி, யாழும் பிற வாத்தியங்களும் ஒலிக்க, வெண்கடுகு தூவி, காஞ்சிப்பண் பாடிக் காவல் காக்கச் சொல்லுவார் அரிசில் கிழார். மின்ஸ்ட்ரலுக்கு அதைவிடச் சுருக்கமான வேலை விவரம் நான் பார்த்ததில்லை.

ஆனால் காவல் காப்பதில் நான் மோசம். ஆறு பேர் கொண்ட குழுவாக ‘கிரேட் பேரோ’ என்ற புதைமேட்டுக்குள் போன முதல் இரவில் மூன்று தடவை எல்லாரும் விழுந்தோம். மூன்றுமே என்னால்.

எனக்கும் அமெரிக்காவில் இருந்த சர்வருக்கும் நடுவே ஏறத்தாழ 300 மில்லிவிநாடி. நான் விசையை அழுத்தியது அங்கே போய், அதன் விளைவு என் திரைக்குத் திரும்பி வர அவ்வளவு நேரம். ஹீல் பாட்டு எதுவும் உடனே முடியாது, வாசித்து முடிக்க அதற்கென்று ஒரு நேரம் இருக்கிறது, நடுவில் அடி விழுந்தால் தடைபடும். அடியைத் தன்மேல் வாங்கிக்கொள்ள முன்னால் நிற்கும் ஆளான டேங்கின் பட்டை குறைவதைப் பார்த்துவிட்டு நான் தொடங்கினால், பாட்டு போய்ச் சேரும்போது அவர் தரையில் கிடப்பார். என் திரையில் அவருக்குக் கால்வாசி மனத்திடம் மிச்சம் இருக்கும். சர்வரில் அவர் அதற்குள் விழுந்தாயிற்று.

இதற்கு நான் கண்ட வழி பட்டைகளைப் பார்ப்பதை விடுவது. பாஸின், அதாவது பெரிய எதிரியின், கையைப் பார்க்க வேண்டும். பெரிய அடி போடும் முன் எல்லா பாஸும் ஏதாவது செய்யும். கையைத் தூக்கும், ஒரு வசனம் பேசும், அடியெடுத்துப் பின்னால் போகும். அந்த இடத்தில் பாட்டைத் தொடங்கிவிட வேண்டும். அடி விழுவதும் பாட்டு முடிவதும் ஒன்றாக வரும். பக்கவாத்தியம் வாசித்தவர்களுக்கு இது புதிதல்ல. பாடகர் எங்கே நிறுத்தப்போகிறார் என்று அவர் மூச்சு இழுப்பதிலேயே தெரிந்துகொள்வதுதானே. வயலினில் வாத்தியார் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லியும் எனக்கு வராத வித்தை, எலும்புக்கூடுகளிடம் உதைபட்டு வந்தது.

இன்னொரு தப்பு, ஆர்வக்கோளாறு. சண்டை தொடங்கின உடனேயே எல்லாருக்கும் பெரிய ஹீலாகக் கொட்டினால், எதிரிகள் டேங்கை விட்டுவிட்டு ஹீலரைத் துரத்துவார்கள். யார் தங்களுக்கு அதிகத் தொல்லை என்று அவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், ஹீல் பண்ணுவதும் அந்தக் கணக்கில் ஏறும். டேங்க் நாலைந்து அடி அடித்துக் கவனத்தைத் தன் பக்கம் இழுக்கும்வரை சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில் சின்னச் சின்ன பேலட்களை வாசித்து அடுக்கி வைத்தால், அதன் மேல் ஆன்த்தம் என்ற பெரிய பாட்டுகள் திறக்கும். மாட்டிக்கொண்டால் ‘ஸ்டில் ஆஸ் டெத்’ இருக்கிறது, செத்த மாதிரி விழுந்து கிடப்பது. பாணனுக்கு நடிப்பும் தெரியவேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

சண்டை பற்றி இது போதும். நான் இங்கே எழுத உட்கார்ந்தது நிஜமாக வாசிப்பதைப் பற்றி.

இந்த விளையாட்டில் வாத்தியம் வெறும் ஆயுதம் இல்லை. மியூசிக் என்று கட்டளை இட்டால் கேரக்டர் கையிலிருக்கும் வாத்தியத்தை எடுத்துக்கொள்ளும், விசைப்பலகையில் எண்களை அழுத்தினால் சுரம் வரும், பக்கத்தில் நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கும். லூட், ஹார்ப், தியர்போ என்ற நீளக் கழுத்துக்காரன், புல்லாங்குழல், கிளாரினெட், கொம்பு, பேக்பைப், டிரம், பசுவின் கழுத்து மணி வரை உண்டு. பல வாத்தியங்களை மரவேலைத் தொழில் எடுத்த ஆட்டக்காரர்களே செய்து விற்பார்கள். சண்டை வகுப்பு எதுவாக இருந்தாலும் வாசிக்கலாம். மின்ஸ்ட்ரலுக்குக் கூடுதலாக ஒரு பெருமை, மற்ற வகுப்பாருக்கு வாத்தியம் கற்றுக்கொடுக்க அவனால் முடியும். சந்தைத் திடலில் முன்பின் தெரியாதவர் வந்து வணக்கம் வைத்து, எனக்குப் புல்லாங்குழல் சொல்லித்தர முடியுமா என்று கேட்பார். ஒரு பொத்தானை அழுத்தினால் அவருக்கு வந்துவிடும். பன்னிரண்டு வருடம் கற்றும் அரங்கேறாத எனக்கு அதைச் செய்யும்போது ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வரும்.

ஒன்றிலிருந்து எட்டுவரை எண் விசைகளில் கிடைப்பது சி மேஜர், நம்முடைய சங்கராபரணம். முதல் நாளே ச ரி க ம ப த நி ச வாசித்துவிட்டேன். ஷிஃப்ட், கண்ட்ரோல் சேர்த்தால் மேல் ஸ்தாயி, கீழ் ஸ்தாயி. மொத்தம் மூன்று ஸ்தாயி. அரைச் சுரங்களுக்கான விசைகளை அமைப்புக்குள் போய் நானாக ஒதுக்கிக்கொண்டேன். அதைச் செய்த பிறகுதான் மாயாமாளவகௌளை ராகம் வந்தது, அதில் பாடும் ஆரம்பப் பாடமான சரளி வரிசை வந்தது.

கல்லூரி நண்பன் ஒருவன் டொரண்டோவில் இருந்தான். அவனும் மிருதங்கம் கொஞ்சம், பாட்டு கொஞ்சம் என்று கற்றவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ப்ரீயில் பக்கத்தில் பக்கத்தில் நின்று சேர்ந்து வாசித்துப் பார்த்தோம். போன் லைனிலும் பேசிக்கொண்டே.

“டேய், நீ பிந்துற.”

“நானா? நீதான்டா பிந்துற. நான் தாளம் போட்டுக்கிட்டேதான் வாசிக்கறேன்.”

“சரி, நான் நிறுத்தறேன், நீ மட்டும் வாசி.”

“இப்ப சரியா இருக்கு பார்.”

“தனியா வாசிச்சா யாருக்குத்தான்டா சரியா இருக்காது!”

அரை மணி நேரம் சண்டை போட்ட பிறகுதான் உறைத்தது, இரண்டு பேர் சொன்னதும் உண்மை. என் சுரம் எனக்கு உடனே கேட்கிறது, அவனுக்குத் தாமதமாகப் போகிறது. அவன் சுரமும் அப்படியே. என் காதில் அவன் பிந்துகிறான், அவன் காதில் நான் பிந்துகிறேன். முதல் காலத்தில், ஒரு சுரத்துக்கு ஒரு விநாடி என்று போனால், கால் விநாடிப் பிசகைச் சகித்துக்கொள்ளலாம். இரண்டாம் காலத்தில் சுரமே அரை விநாடிதான். அங்கே ஒருவன் ‘க’வில் நிற்க இன்னொருவன் ‘ரி’யில் நிற்பான். இதற்குப் பயிற்சியால் தீர்வு கிடையாது. கையால் வாசிப்பது தனியாவர்த்தனத்துக்கு மட்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டினோம். இணைய வேகத்தை ஏற்றினால் சரியாகிவிடும் என்று காசைச் செலவழிக்காதீர்கள், நான் செலவழித்தேன். கடல் தாண்டிப் போய் வரும் நேரத்தை எந்த பிளானும் குறைக்காது.

குழுவாக வாசிக்க வேண்டுமானால் ஏபிசி ஃபைல். கிறிஸ் வால்ஷா என்பவர் நாட்டுப்புற இசையை வெறும் எழுத்தாகவே எழுதிவைக்க உருவாக்கிய முறை அது. எந்த எடிட்டரிலும் அடிக்கலாம். தலையில் ஐந்தாறு வரி. பாட்டின் எண், தலைப்பு, அடிப்படைச் சுர நீளம், வேகம், கட்டை. கீழே சுரங்கள். அதை டாக்குமெண்ட்ஸில் விளையாட்டின் பெயரில் இருக்கும் ஃபோல்டருக்குள் மியூசிக் என்ற ஃபோல்டரில் போட்டுவிட்டு, ப்ளே என்று எழுதி ஃபைலின் பெயரைக் கொடுத்தால் கேரக்டர் வாசிக்கும். கணினிக்கான இசைக்குறிப்பு வடிவமான மிடி ஃபைலை ஏபிசியாக மாற்றித் தரும் மாயெஸ்ட்ரோ என்ற மென்பொருளை ஆட்டக்காரர்களில் ஒருவர் எழுதினார். மேற்கத்தியப் பாட்டுக்கு அது போதும். நம் பாட்டுக்கு மிடி எங்கே கிடைக்கிறது? கையால்தான் எழுத வேண்டும்.

எழுதுவது கடினமே இல்லை. ஸ்வரம் எழுதிப் பழகியவர்களுக்கு ஒரு மாலை போதும். சட்ஜத்தைச் சி என்று வைத்துக்கொண்டால் மாயாமாளவகௌளை, சி, டி ஃப்ளாட், இ, எஃப், ஜி, ஏ ஃப்ளாட், பி. அவ்வளவுதான். எனக்குப் பட்ட ஒரே தொல்லை, ஃப்ளாட் அடையாளத்தை ஒரு இடத்தில் விட்டுவிட்டால் ராகமே மாறிவிடுவது. முதல் ஃபைலில் ஒரு தைவதத்தில் விட்டிருந்தேன். கேட்ட அமெரிக்கர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அடுக்களையிலிருந்து அம்மா கண்டுபிடித்தாள்.

சிக்கல் கமகத்தில். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துப் போகும் வழி இந்த வாத்தியங்களில் கிடையாது. எல்லாச் சுரமும் தனித்தனிப் படிக்கட்டு. ஒரு சுரத்தின் குறைந்தபட்ச நீளம் 0.06 விநாடி. அதற்குக் கீழே எழுதினால் ஃபைலையே ஏற்காது. சரி, அவ்வளவு குட்டிச் சுரங்களை வரிசையாக அடுக்கினால் இழுப்பு மாதிரி ஆகாதா என்று பார்த்தேன். லூட்டில் ஒவ்வொரு குட்டிச் சுரமும் ஒரு மீட்டு. தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைய வேண்டியது. நான் எழுதியதைக் கேட்டால் யாரோ குண்டும் குழியுமான ரோட்டில் சைக்கிளில் போகிற மாதிரி இருந்தது. புல்லாங்குழலில் கொஞ்சம் மேல். கொம்பில் வேண்டாம், கேட்காதீர்கள்.

இரண்டு மாதம் மல்லுக்கட்டிவிட்டுத் திசையை மாற்றினேன். வாத்தியத்தால் முடியாததை எழுதுவதைவிட, முடிந்ததில் எது நிற்கிறது என்று தேடலாம். மோகனம் நின்றது. ஹம்சத்வனி அருமையாக நின்றது. வேகமான சிட்டைஸ்வரங்கள் மாதிரியான அமைப்புகளும் பரவாயில்லை, ஓடுகிற ஓட்டத்தில் கமகம் இல்லாதது அவ்வளவாகத் தெரியாது. மெதுவாகப் போகும் விளம்பத்தில்தான் குட்டு உடையும். ஆகவே இப்படி எழுத நினைப்பவர்களுக்கு நான் சொல்வது, தோடி, பைரவி, சஹானா பக்கம் போகாமல் ஐந்து சுர ராகங்களில் தொடங்குங்கள், வேகத்தை மத்யம காலத்துக்கு, அதாவது நடுத்தர வேகத்துக்கு, கீழே இறக்காதீர்கள். ஒரே வாத்தியத்தில் ஒரே நேரத்தில் ஆறு சுரம்வரை ஒலிக்கலாம் என்று இடம் இருக்கிறது, ஆசைப்பட்டு அடுக்காதீர்கள். நம் இசைக்கு அது தேவையும் இல்லை.

தம்புரா பிரச்சினை சுலபமாகத் தீர்ந்தது. தியர்போவின் ஒலி கீழே, கனமாக, மெதுவாக அடங்கும். ப, மேல் ச, மேல் ச, கீழ் ச என்று அதில் சுழலவிட்டேன். முதல் தடவை கேட்டபோது மயிர்க்கூச்செறிந்தது என்றால் மிகை, ஆனால் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். டிரம்மில் ஒவ்வொரு விசைக்கும் ஒரு சத்தம், சுரம் கிடையாது. எந்த விசையில் தொம், எதில் நம் என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டு டொரண்டோக்காரன் ஆதி தாளத்துக்கு ஒரு பகுதி எழுதிக் கொடுத்தான்.

குழு மெல்லச் சேர்ந்தது. நாங்கள் இருவர், அமெரிக்காவிலிருந்து மூன்று பேர். சேர்ந்து வாசிப்பது இப்படித்தான். ஒரே ஃபைலில் எல்லாருடைய பகுதிகளும் எண் போட்டு இருக்கும். அந்த ஃபைல் ஒவ்வொருவர் கணினியிலும் இருக்க வேண்டும். எல்லாரும் ஒரே குழுவில் சேர்ந்து, தத்தம் எண்ணைக் கொடுத்து, சிங்க் என்று முடித்தால் கேரக்டர் காத்திருக்கும். தலைவர் ப்ளேஸ்டார்ட் என்று கொடுத்ததும் எல்லாரும் ஒன்றாகத் தொடங்குவார்கள்.

எல்லாரும் ஒன்றாகத் தொடங்குவார்கள் என்பது சரி. ஒன்றாக முடிப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் இரண்டாவது கச்சேரியில் புல்லாங்குழல் நான்கு ஆவர்த்தனம், அதாவது நான்கு தாளச் சுற்று, முன்னதாக முடித்துவிட்டு நின்றுகொண்டிருந்தது. அதற்கு முன் ஒரு நிமிடம் என்னென்னவோ கேட்டது. நான் முந்தின இரவு நடுவில் ஒரு பகுதியைச் சேர்த்துவிட்டு எல்லாருக்கும் அனுப்பியிருந்தேன். அவர் பார்க்கவில்லை. பழைய ஃபைல், அதே பெயர். அன்றிலிருந்து ஃபைல் பெயரின் கடைசியில் பதிப்பு எண் போடாமல் எதையும் அனுப்புவதில்லை. சொன்ன பெயரில் ஃபைல் இல்லாதவரால் தொடங்கவே முடியாது, அந்தத் தடங்கல் மேடையில் வழிவதைவிட மேல். கச்சேரிக்குப் பத்து நிமிடம் முன்பு ஊருக்கு வெளியே போய், எட்டு எண்ணிக்கை மட்டும் உள்ள ஒரு சோதனை ஃபைலை எல்லாரும் வாசித்துப் பார்ப்பதும் வழக்கமாயிற்று. சுருதி சேர்ப்பது என்றுதான் அதற்குப் பெயர் வைத்திருந்தோம்.

குழுவில் என் காதில் கேட்பதை நம்பக் கூடாது என்பதும் போகப்போகத்தான் தெரிந்தது. என் கணினி திணறும்போது எனக்கு எல்லாம் பிசகிக் கேட்கும். நிறுத்தச் சொல்லி சாட்டில் கத்துவேன். மற்றவர்களுக்குச் சுத்தமாகக் கேட்டுக்கொண்டிருக்கும். ஆகவே வாசிக்காத ஒருவரைக் கூட்டத்தில் நிற்கவைத்து, அவர் சொல்வதை மட்டும் நம்பினோம். டொரண்டோக்காரனின் மனைவி அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். எங்கள் குழுவில் எல்லாரும் பயந்த ஒரே ஆள் அவள்தான்.

நேர மாற்றம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இந்தியாவில் இருப்பவர்களுக்கு உதவும். அமெரிக்கக் கிழக்கு நேரம் இரவு எட்டு மணி, கோடையில் நமக்கு மறுநாள் காலை ஐந்தரை. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிவைத்தால் அது ஆறரை ஆகிவிடும். மார்ச்சில் மறுபடி ஐந்தரை. ஒரு மார்ச் மாதம் ஆறரைக்கு நான் காபியோடு வந்து உட்கார்ந்தபோது திடலில் யாரும் இல்லை. தம்புராவும் டிரம்மும் மட்டும் கச்சேரி செய்துவிட்டுப் போயிருந்தன.

ப்ரீயில் கேட்க வருபவர்களைவிடக் கடந்துபோகிறவர்கள் அதிகம். இதற்கும் ஒரு மரியாதை உண்டு. ஏல மண்டபத்து வாசலிலும் தபால் பெட்டிப் பக்கத்திலும் நின்று வாசிக்காதீர்கள். அங்கே வருபவருக்கு வேலை இருக்கிறது, பாட்டைக் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. ஆட்டக்காரர் இசையை மட்டும் அணைத்துவைக்கும் வசதி அமைப்பில் இருக்கிறது. ஒருவர் அணைத்துவிட்டார் என்றால் அடுத்து வருகிற நல்ல குழுவையும் அவர் கேட்கமாட்டார். ஏற்கெனவே யாராவது வாசித்துக்கொண்டிருந்தால் தள்ளிப் போங்கள், அல்லது அவர் முடித்ததும் கைதட்டிவிட்டு, அடுத்து நாங்கள் வாசிக்கலாமா என்று கேளுங்கள். வாசிப்பதற்கு முன் சாட்டில் ஒரு வரி போதும். ராகத்தின் வரலாற்றை எழுத ஆரம்பித்தால் கூட்டம் கலையும். எழுதிக் கலைத்தவன் சொல்கிறேன்.

ஒரு ஹாபிட், டோல்கீன் கதையின் குள்ள இனத்தான், வந்தான். நாங்கள் ஹம்சத்வனியில் இருக்கும்போது நேர் நடுவே வந்து நின்று பசு மணியை எடுத்து அடிக்க ஆரம்பித்தான். அந்த மணியில் எந்த விசையை அழுத்தினாலும் ஒரே ஒலிதான். டொங்கு டொங்கு டொங்கு. எங்கள் தியர்போக்காரர் கொதித்துப்போய், புகார் கொடுக்கலாம் என்றார். எனக்கு என்னவோ திருவிழாவில் ஜால்ராவைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் பையன்கள் நினைவு வந்தது. பாட்டு முடிந்ததும் அவனைக் குழுவில் சேர்க்க அழைப்பு அனுப்பினேன். ஃபைலில் ஆறாவது பகுதியாக ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை, லகுவுக்கு நாலு, திருதங்களுக்கு இரண்டிரண்டு, முதல் அடி மட்டும் பலமாக எழுதி அனுப்பினேன். மறுவாரம் ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து நின்றான். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அவன்தான் எங்கள் தாளம். டிரம் இல்லாத நாட்களில்கூட மணி இருந்தது. எல்லாத் தொல்லைக்காரரும் இப்படி மாறமாட்டார்கள். மாறாதவர்களுக்குப் பதில் சொல்லாமல் அடுத்த தெருவுக்குப் போய்விடுவோம், அரை நிமிட நடைதான்.

நாங்கள் இருந்த லாண்ட்ரோவல் சர்வரில் கேரக்டராகவே பேசிப் பழகுகிறவர்கள் அதிகம் இருந்தார்கள். ஒரு நாள் எல்ஃப் பெண் ஒருத்தி மோகனத்தைக் கேட்டுவிட்டு, “பாணரே, இந்தப் பண் ஹராத் நாட்டினதா?” என்றாள். ஹராத் டோல்கீன் வரைபடத்தில் தெற்குக் கோடி. கதையில் அந்தத் தெற்கத்தியர் யானை போன்ற பெரு மிருகங்களின் மேல் ஏறி எதிரிப் படையாக வருகிறவர்கள். பெரும்பாலும் முகம் இல்லாதவர்கள், பாட்டு இல்லாதவர்கள். எனக்குச் சுருக்கென்றது. அவள் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை என்பதும் தெரியும். “தெற்கிலிருந்துதான். அங்கேயும் விடியற்காலையில் எழுப்பிச் சாதகம் செய்யச் சொல்லுவார்கள்” என்று எழுதினேன். அவள் சிரிப்பு எமோட் போட்டாள். அடுத்த வாரம் இன்னும் மூன்று எல்ஃப்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கொண்டோர்க்காரன் என்று நான் எழுதியிருந்த பின்கதையை அதற்குப் பிறகு யாருக்கும் சொல்லவில்லை.

அதே சர்வரில் வெதர்டாப் குன்றின் மேல் வெதர்ஸ்டாக் என்று வருடாவருடம் ஒரு இசைவிழா நடந்தது. 2009இல் லோன்லி மவுண்டன் பேண்ட் என்ற குழு தொடங்கியது. நூற்றுக்கணக்கானோர் வந்து குன்று முழுக்க நிற்க, குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கும். நாங்கள் அங்கே மேடை ஏறவில்லை, கேட்கத்தான் போனோம். என் பழைய லேப்டாப் அந்தக் கூட்டத்தைத் தாங்கவில்லை. படம் விநாடிக்கு ஒன்று என்று நகர்ந்தது. கிராஃபிக்ஸ் அனைத்தையும் அடிமட்டத்துக்கு இறக்கி, நிழல், புல் எல்லாவற்றையும் நிறுத்தி, கேமராவை வானத்தைப் பார்த்துத் திருப்பிவைத்தேன். திரையில் ஆட்கள் இல்லாவிட்டால் கணினிக்குப் பாரம் குறையும், பாட்டு தடையில்லாமல் வரும். இரண்டு மணி நேரம் வெறும் வானத்தைப் பார்த்தபடி கேட்டேன். ஒரு குழு பன்னிரண்டு வாத்தியத்துக்கு எழுதியிருந்ததில் யாருமே எல்லா நேரமும் வாசிக்கவில்லை. ஒருவர் ஒரு பாட்டு முழுக்க நாலே தடவை கொம்பு ஊதினார். ஊருக்குத் திரும்பியதும் என்னுடைய ஃபைல்களையெல்லாம் திறந்து பாதிச் சுரங்களை அழித்தேன்.

டொரண்டோக்காரனுக்குக் குழந்தை பிறந்தது, மணிக்கார ஹாபிட் ஒரு நாள் சொல்லாமல் நின்றுபோனான், மற்றவர்களும் ஒவ்வொருவராக. நானும் இப்போது மாதத்துக்கு ஒரு தடவை எட்டிப்பார்ப்பதோடு சரி. வயலின் பெட்டி பரணிலிருந்து இறங்கிவிட்டது. தந்தி மாற்றிய அன்றைக்கு அம்மா வந்து கதவருகே நின்றாள்.

“இவ்வளவு நாள் காலங்காத்தாலே கம்ப்யூட்டர்ல வாசிச்சியே, அது உனக்கு எப்படிடா கேட்டுது?”

“நல்லாத்தானேம்மா இருந்தது. சுரம் எல்லாம் சரியா இருந்ததே.”

“சுரம் எல்லாம் சரிதான். எனக்கு உள்ளே யாரோ டைப் அடிக்கிற மாதிரிதான் கேட்டுது. சரி, தோடி காந்தாரத்தைப் பிடி பார்க்கலாம்.”

பிடித்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். மியூசிக் ஃபோல்டரில் தோடி என்று இருக்கும் ஃபைலின் பதிப்பு எண் 17. அதை இன்னும் அழிக்கவில்லை.